கவுன்சிலரின் வீட்டுக்காரர்

எங்கள் தெருவில் யாருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தாலும் ‘கவுன்சிலர்’ என்று ஓர் எண் பதிவாகியிருக்கும். அழைத்தால் எடுத்துப் பேசுவது ஓர் ஆண். எங்கள் வார்டின் கவுன்சிலரோ பெண். 2022 பிப்ரவரி 19ஆம் தேதி வரிசையில் நின்று நாங்கள் வாக்களித்தது அந்த அம்மாளுக்கு. ரிப்பன் மாளிகையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டவரும் அவர்தான். எண் மட்டும் அவருடைய வீட்டுக்காரருடையது. அவர் கட்சியில் பல ஆண்டுகளாக வட்டச் செயலாளர். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், தனக்கென்று நினைத்து வைத்திருந்த இடத்துக்கு மனைவியின் பெயரைக் கொடுத்தார். வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதை அதிசயமாகச் சொன்னால் சிரிப்பார்கள். தென் சென்னையிலும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் முனைக் கடையில் தேநீர் குடிப்பவர்கள் அதை ஒரு வாக்கியமாகவே செதுக்கி வைத்திருக்கிறார்கள்: “கையெழுத்து அம்மாவுடையது, தலையெழுத்து அண்ணனுடையது.” சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். பெண்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது ஒரு சாராரின் முடிவு. இன்னொரு சாரார் என் நண்பர்கள், முற்போக்கானவர்கள், படித்தவர்கள். அவர்களுக்குக் கணவர்மீது கோபம். அதிகாரத்தைப் பறித்துக்கொண்ட ஆணாதிக்கவாதி என்று பொரிந்து தள்ளுவார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர்களும் அதே எண்ணைத்தான் அழைப்பார்கள். இரண்டு தரப்புப் பேச்சிலும் அந்த அம்மாள் என்ன நினைக்கிறார், என்ன செய்கிறார் என்ற கேள்விக்கே இடமில்லை.

கேலி செய்பவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2016 வரை எங்களுக்கு ஆண் கவுன்சிலர் இருந்தார். அவருடைய வேலையை மட்டும் அவரேவா பார்த்தார்? சாலை, வடிகால் என்று எந்த ஒப்பந்தப் பேச்சாக இருந்தாலும் அவருடைய மைத்துனர்தான். காவல் நிலையத்துக்குப் போவது தம்பி. எந்தக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் பகுதிச் செயலாளரின் ஆள். அவரை யாரும் பொம்மை என்று சொல்லவில்லை. ஆள்பலம் உள்ளவர் என்றார்கள். காலை ஆறரை மணிக்கே அவர் வீட்டு வாசலில் பத்து இருபது பேர் நிற்பார்கள். அத்தனை பேருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வரும். கொண்டுவந்து வைப்பவர் அவர் மனைவி. யார் எதற்காக வந்திருக்கிறார்கள், எந்த மனுவில் எந்தக் காகிதம் குறைகிறது, யாருடைய மகளுக்குச் சாதிச் சான்றிதழ் நிற்கிறது என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரியும். “அவர் தூங்குகிறார், நீங்கள் குடும்ப அட்டை நகலை எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வாருங்கள்” என்று எத்தனையோ பேரை அவரே முறைப்படுத்தி அனுப்பியிருக்கிறார். பத்தாண்டுகள் பாதிக் கவுன்சிலராக வேலை பார்த்த அந்தப் பெண்ணின் பெயர்கூட இன்று பலருக்கு நினைவில்லை. கணவனின் பதவியை மனைவி சுமந்தால் அது குடும்பம். மனைவியின் பதவியைக் கணவன் சுமந்தால் அது அதிகாரம். இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியவில்லை, நாம் எல்லாரும் அதன்படியே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

பகுதி சபையில் நடந்தது

ஊராட்சிகளில் கிராம சபை இருப்பதுபோல நகரங்களில் பகுதி சபை கூட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதி செய்து, 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளில், முதல் கூட்டங்களை நடத்தியது. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சமூக நலக்கூடம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் துணி விரித்த மேசை. நடுநாற்காலியில் கவுன்சிலர். அவருக்கு ஒரு பக்கம் மாநகராட்சி உதவிப் பொறியாளர், மறுபக்கம் குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர். கணவருக்கு மேடையில் நாற்காலி இல்லை. சட்டப்படி இருக்கவும் முடியாது. அவர் மேடையின் படிக்கட்டுக்கு அருகே, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், கைகட்டி நின்றிருந்தார். கூட்டத்தில் பேச எழுந்தவர்கள் எல்லாரும் மேடையைப் பார்த்து ஆரம்பித்து, பாதியில் தலையைத் திருப்பி, அவரைப் பார்த்தே முடித்தார்கள். நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாக் கழுத்துகளும் ஒரே பக்கம் திரும்பின.

எங்கள் பின்தெருவில் குடிநீரில் கழிவுநீர் கலந்து வருகிறது. மழைக்காலத்தில் மட்டும் அல்ல, கோடையிலும். காலையில் அடிகுழாயில் அடித்தால் முதல் இரண்டு குடம் கறுப்பாக வரும். அதைக் கொட்டிவிட்டு மூன்றாவது குடத்தை மோந்து பார்த்துப் பிடிப்பார்கள். குழாய் மிகப் பழையது, சாக்கடைக் குழாயை ஒட்டியே போகிறது. அந்தத் தெருவிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, குழாயை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார். ஒலிபெருக்கி கணவர் கைக்குப் போயிற்று. அடுத்த வாரமே வேலை தொடங்கிவிடும், எஸ்டிமேட் எல்லாம் முடிந்துவிட்டது, அண்ணன் பொறுப்பு என்றார். கைதட்டல். அது அடங்குவதற்குள் மேடையிலிருந்து கவுன்சிலர், ஒலிபெருக்கி இல்லாமலே, “அடுத்த வாரம் தொடங்காது பாட்டி” என்றார். குழாய் மாற்றச் சாலையை வெட்ட வேண்டும், சாலை வெட்ட அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கான கோப்பு மண்டல அலுவலகத்தைத் தாண்டவில்லை, பருவமழை நெருங்குவதால் இப்போது வெட்ட விடமாட்டார்கள், ஜனவரிக்கு முன் நடக்காது, அதுவரை லாரித் தண்ணீர் விடச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன், இதுதான் நிலைமை என்று சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காகிதம் எதையும் பார்க்கவும் இல்லை. உதவிப் பொறியாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கணவர் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார். எனக்குச் சீட்டியடிக்க வேண்டும்போல இருந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கேட்ட பேச்சு. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர், “அண்ணன் அழகாகச் செய்து தருகிறேன் என்றார், அந்த அம்மா நடுவில் புகுந்து கெடுத்துவிட்டது” என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் மறுக்கவில்லை. ஒருவர், “வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவராவது பேசி முடித்திருப்பார்” என்று சொன்னார். கேள்வி கேட்ட பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல், லாரி எத்தனை மணிக்கு வரும் என்று குடிநீர் வாரியக்காரரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். இத்தனை நாளும் ‘அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது, வாய் திறப்பதே இல்லை’ என்று சொன்னவர்கள் இவர்கள்தான். தெரிந்தது, திறந்தார், உண்மையைச் சொன்னார். யாருக்கும் பிடிக்கவில்லை. நமக்கு வேண்டியிருந்தது குழாய்கூட இல்லை; தோளில் கைபோட்டு ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஓர் ஆள்.

ஆகவே என் கட்சி இதுதான்: பினாமிக் கணவர்களை உருவாக்குவதில் கணவர்களின் பங்கு ஒரு பாதி. மீதிப் பாதி நாம். அந்த எண்ணை வாங்கிப் பதிந்துகொண்டவர்கள் நாம். மேடையைப் பார்க்காமல் கழுத்தைத் திருப்பியவர்கள் நாம். அதிகாரிகள் நம்மையும் மிஞ்சியவர்கள். கவுன்சிலர் நேரில் கேட்டால் ‘பார்க்கிறோம் மேடம்’, கணவர் தொலைபேசியில் கேட்டால் ‘செய்துவிட்டோம் சார்’. ஒப்பந்தக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று கணக்குப் பேசுவதைவிட அவருடைய கணவரோடு காரில் உட்கார்ந்து பேசுவது அவருக்கு எளிது.

இரவு பத்து மணி வேலை

கவுன்சிலர் பதவி என்றால் மன்றக் கூட்டத்தில் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது மாதத்தில் ஏதோ ஒரு நாள். மற்ற நாள்களில் அந்த வேலை நடப்பது தெருமுனையில், தேநீர்க் கடையில், காவல் நிலைய வாசலில், சாவு வீட்டில். இரவு பத்து மணிக்கு ஒருவர் இறந்தால் ஐஸ் பெட்டிக்கும் மயானத்தில் நேரம் வாங்குவதற்கும் கவுன்சிலரை அழைப்பார்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்ட பையனைக் காவல் நிலையத்திலிருந்து மீட்க அழைப்பார்கள். நள்ளிரவில் மின்கம்பி அறுந்தால் மின்வாரியத்தை அழைக்காமல் கவுன்சிலரை அழைப்பார்கள். இதற்கெல்லாம் ஒரு பெண் இரவில் தனியாகப் போய் நின்றால் அடுத்த நாள் இதே தெரு என்ன பேசும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. போகாவிட்டால் ‘கண்டுகொள்ளவே இல்லை’. கணவரை அனுப்பினால் ‘பொம்மை’. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் இடுப்பளவு தண்ணீர். கணவர் படகில் நின்றார், தண்ணீரில் நடந்தார், பால் பாக்கெட் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் படம் வந்தது. அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், உண்மையாகவே அலைந்தார். அதே நாள்களில் கவுன்சிலர், தண்ணீர் ஏறாத ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இருந்தார். வகுப்பறைகளில் தங்கவைக்கப்பட்டவர்களைக் கோடு போட்ட நோட்டில் தெருவாரியாக எழுதி வைத்திருந்தார்: கைக்குழந்தை எத்தனை, சர்க்கரை மாத்திரை யாருக்கு வேண்டும், யாருக்கு மாதவிலக்குத் துணி வேண்டும். கடைசிப் பத்தியை மட்டும் பெயர் இல்லாமல் அறை எண்ணாக எழுதியிருந்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நோட்டுக்கு யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கும்படியான வேலையும் இல்லை அது. தேர்தலில் படம்தான் பேசும், நோட்டு பேசாது.

சம்பளத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் கூட்டத்துக்கு வந்தால் ஒரு படி கிடைக்கும், அவ்வளவுதான். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். சென்னையில் அது ஓர் ஓட்டுநர் வைத்துக்கொள்ளக்கூடப் போதாது. சொந்தமாக வருமானம் இல்லாத ஒரு பெண், அந்தப் பணத்தில் இரவு பகலாக ஒரு வார்டைச் சுற்றிவர வேண்டும் என்றால் வண்டி, ஆள், எரிபொருள் எல்லாம் கணவரின் பையிலிருந்துதான் வர வேண்டும். பையைத் திறப்பவர் பேச்சையும் திறப்பார். இது கணவர்களின் குணத்தைப் பற்றிய செய்தி அல்ல, செலவுக் கணக்கு.

நூறாண்டுப் பெருமையும் இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியும்

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தாலே வரலாற்றை எடுத்து நீட்டுவார்கள். நியாயமான பெருமைதான். 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில், சொத்துத் தகுதியோடுதான் என்றாலும், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த மாகாணம் சென்னை. 1926இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் போனார், அங்கே துணைத் தலைவராகவும் ஆனார். 1957இல் தாரா செரியன் சென்னையின் மேயர். 1971இல் காமாட்சி ஜெயராமன். 2022இல் மேயரான பிரியாவுக்கு அப்போது வயது 28. இந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். இத்தனை முறை முதல்வராக ஒரு பெண் பதவியேற்ற மாநிலம் வேறு எது? அவருடைய கார் போன திசையைப் பார்த்துக் கும்பிட்ட ஆண்களில் பலர், தங்கள் வார்டுக் கவுன்சிலரை ‘அந்தப் பொம்பளை’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உச்சியில் ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்வது நமக்குச் சிரமமே இல்லை. தெருமுனையில் ஏற்றுக்கொள்வதுதான் கடினம். உச்சியில் இருப்பவர் நம் வீட்டுப் பெண்களுக்கு முன்மாதிரி ஆகிவிடும் அபாயம் குறைவு. அடுத்த தெருப் பெண் அப்படி அல்ல.

வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் நீட்டுவதில்லை. மஸ்டர் ரோல் எனும் கூலியாட்கள் வருகைப் பதிவேட்டு ஊழலைத் தொடர்ந்து 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம், 1996 வரை கூடவே இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த நகரத்தில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது, அதிகாரிகள் ராஜ்ஜியம். உள்ளாட்சிகளில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் மன்றம் மறுபடி உயிர் பெற்றது. பிறகு 2016இல் பதவிக்காலம் முடிந்து 2022 வரை மீண்டும் வெறுமை. அதற்கிடையே 2016இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. அந்தப் பாதி நடைமுறைக்கு வந்ததே 2022இல்தான். இருநூறு வார்டில் பாதிக்குப் பெண்கள் உட்கார்ந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அவர்களுக்குப் பழக ஒரு நாற்காலி இருந்தது எப்போது? ஆண்களுக்கு வட்டம், பகுதி, மாவட்டம் என்று கட்சிக்குள் ஓர் ஏணி உண்டு. மகளிர் அணியில் இருபது ஆண்டு கொடி பிடித்த பெண்ணுக்கு அந்த ஏணியில் கால் வைக்க இடம் இல்லை. அதனால்தான் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், மகளிர் அணிப் பெண்ணைத் தாண்டிக்கொண்டு வட்டச் செயலாளரின் மனைவிக்குச் சீட்டு போகிறது. மாவட்டச் செயலாளர் பதவிகளில் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் கட்சியின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். ஒதுக்கீடு இல்லாத இடத்தில் நம் கட்சிகளின் பெண்ணுரிமை எவ்வளவு என்பதற்கு அது போதும்.

தண்டனை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஊராட்சிகளில் பெண் தலைவர்களின் கணவர்கள் ஆள்வதைத் தடுக்க ஒன்றிய அரசு 2023இல் ஒரு குழு அமைத்தது; கடுமையான தண்டனை வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வழக்கு என்று வந்தால் கையெழுத்துப் போட்ட பெண்தான் முதலில் நிற்க வேண்டியிருக்கும். மேடைப் படிக்கட்டோரம் நிற்பவரை எந்தப் பிரிவில் பிடிப்பீர்கள்? மனைவிக்குத் துணையாக வந்தேன் என்பார், தீர்ந்தது. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது பொருளாதார ஆய்வாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளைப் பார்த்தார்கள். அங்கும் ‘எல்லாம் கணவன்தான்’ என்ற பேச்சு இருக்கத்தான் செய்தது. ஆனால் செலவைப் பார்த்தால், இரண்டு மாநிலங்களிலும் பெண்கள் தலைமையில் இருந்த இடங்களில் குடிநீருக்குப் போன பணம் அதிகம். கணவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ தண்ணீருக்குப் பணத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. வார்டு அலுவலகப் பலகையில் கவுன்சிலரின் எண் இருக்கட்டும், அவரே எடுக்கும் எண். பகலில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை அலுவலகத்தில் இருப்பார் என்று எழுதி, அந்த அலுவலகத்தில் பெண்கள் பயன்படுத்தத் தகுந்த கழிப்பறையும் இருக்கட்டும். ஓர் உதவியாளரை மாநகராட்சியே சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். கட்சி கொடுக்க வேண்டாம், கணவரும் கொடுக்க வேண்டாம். தெருவிளக்குக்கும் குப்பைக்கும் 1913 என்ற எண் இருக்கிறது, அதை அழைப்போம். இரவு பத்து மணிக்கு மின்கம்பிக்கு மின்வாரியத்தை எழுப்புவோம். இவ்வளவு நடந்தாலே கணவர்களுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு அவர்கள் காபி போடலாம், எவர்சில்வர் டம்ளர்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

குழாய் மாற்றும் வேலை ஜனவரியிலும் நடக்கவில்லை, மார்ச்சில் தொடங்கியது. லாரி மட்டும் சொன்னபடி வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கம் நன்றி பேனர் வைக்க வீட்டுக்கு முந்நூறு ரூபாய் வசூலித்தது. அச்சுக்குப் போகும் முன் மாதிரியைக் குழுவில் அனுப்பினார்கள். கணவரின் படம் ஆளுயரத்தில், கையைக் கூப்பியபடி. கவுன்சிலரின் படம் மூலையில், தலைவர்களின் படங்களுக்குக் கீழே, தபால் தலை அளவில். யாருடைய கையெழுத்தில் கோப்பு நகர்ந்தது என்று சங்கப் பொருளாளரிடம் கேட்டேன். “அது எல்லாருக்கும் தெரியும் மேடம், ஆனால் அண்ணன் வருத்தப்படுவார்” என்றார். அந்த அம்மா வருத்தப்பட மாட்டாரா என்று கேட்டதற்கு, அவர்கள் வீட்டு விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று பதில் வந்தது. மாநகராட்சிக் குழாய் எப்போது அவர்கள் வீட்டு விஷயம் ஆயிற்று என்று நான் கேட்டது கொஞ்சம் உரக்கப் போய்விட்டது. என் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பேனர் வந்தது, பொருளாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், முந்நூறு ரூபாய் இன்னும் வரவில்லை. அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது மறுபடியும் கேட்பதாக இருக்கிறேன்.